அன்னாசி நாலு

அப்பா எழுதிவைத்தது ஐந்து வரி.
கடைப் பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில்,
"மெய்யர் வீடு, து.பருப்பு, ந.எண்ணெய், பாக்கி பதினொண்ணே கால்"
என்பதற்குக் கீழே:

மைதா அரைப்படி
சீனி ஒண்ணரை உழக்கு
முட்டை நாலு (நாலை அடித்து, மேலே ஆறு)
அன்னாசி நாலு
தணல் கீழே கொஞ்சம், மேலே நிறைய.

ஓரத்தில் கார்மேலோ என்று ஒரு பெயர்.
ஜெனோவா போகும் கப்பலின் அடுப்படியில்
அப்பா உருளைக்கிழங்கு உரித்த ஏழு வருஷத்தில்
அந்த ஆளிடம் திட்டு வாங்காத ஒரே நாள்
இந்த பிஸ்கட்டைச் சுட்ட நாளாம்.

கோட்டையூரில் மளிகைக்கடை போட்ட பிறகும்
கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி
எந்தச் சாமிக்கென்று சொல்லாமல்
இட்லிக் கொப்பரைக்குள் மணலைப் பரப்பி
மூடிமேல் கொட்டாங்கச்சி நெருப்பை அள்ளிக் கொட்டிச்
சுடுவார்.
அம்மா அன்று அடுப்படிப் பக்கம் வர மாட்டாள்.
முட்டை நாற்றம் ஆகாது.

அப்பா போய்ப் பதினாறு வருஷம்.
போன மாசம் வயிரவன் அண்ணன் போனில் சொன்னான்:
"அது மெத்துன்னு இருக்கும், தெய்வானை."
"கல்லு மாதிரி இருக்கும்."
"உனக்கு அப்பப் பல்லே கிடையாது."
இப்படித்தான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினேன்,
கையில் நாலு அன்னாசிப்பழம்.
பிடித்துப் பிடித்து உள்ளங்கையெல்லாம் முள்.
"நாலு பழமா, நாலு துண்டா?" மதினி கேட்டாள்.
யாருக்குத் தெரியும்.
நாலு வட்டம் அரிந்து போட்டதில்
மாவு கூழாகி
ஓவன் தட்டில் குளம் கட்டியது.
அடுத்த தடவை எசென்ஸ் நாலு சொட்டு.
வீடு முழுக்க ஐஸ் வண்டி வாசம்.
மூன்றாவது வேகும்போது கரண்ட் போயிற்று.

விட்டுவிட்டோம்.
மதியக் குழம்புக்கு மதினி எண்ணெய் காயவைத்தாள்,
பட்டை போட்டாள், கிராம்பு போட்டாள்,
மூன்றாவதாக ஒன்று விழுந்து
எட்டு இதழும் விறைத்தபடி மிதந்தது.
கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணனும்
பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நானும்
ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம்.

அன்னாசிப்பூ.

பருப்பைத் துவராகவும் எண்ணெயை நல்லதாகவும்
முழுசாக எழுதாத மனுஷன்
பூவை மட்டும் எழுதுவாரா?

நாலு பூவை இடித்துச் சலித்து
சாயங்காலம் சுட்டோம்.
தட்டில் கொட்டியபோது
ஆத்தங்குடிக் கல்லில் சாவி விழுந்த சத்தம்.
நான் ஜெயித்தேன்.

அண்ணன் கடித்தான். நானும்.
மருந்துக் கசாயம் மாதிரி ஒரு காரம்
நாக்கின் பக்கவாட்டில் ஏறி
மூக்கில் போய் உட்கார்ந்தது.
அண்ணன் முகம் சுளித்தான்.
அதே சுளிப்பு, எட்டு வயசுச் சுளிப்பு.
"இதேதான்," என்றான்.
"இதேதான்," என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும்
இது பிடித்ததே இல்லை.

கடைக்குப் பின்னால் கட்டியிருந்த
சோலைச்சியின் வெள்ளாட்டுக்கு
ஒவ்வொன்றாக ஊட்டுவோம்.
ஆடு கண்ணை மூடி மெல்லும்.
மறுநாள் காலை அப்பா டப்பாவைத் திறந்து
தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போவார்.

மதினி நோட்டை விளக்கடியில் பிடித்திருந்தாள்.
"நாலை அடிச்சு ஆறு போட்டிருக்காக," என்றாள்,
"மறு வருஷம் கூடச் சுட்டாகளோ?"

அண்ணன் பதில் சொல்லவில்லை.
இன்னொன்றை எடுத்து
டீயில் முக்கி
கரையும்வரை பிடித்திருந்தான்.