நாலாவது துளை

மூன்று துளைகள் ஒழுங்காய் வந்தன:
கிரவல், செங்களி, சாம்பல் களி, பிறகு உக்கல் பாறை.
நாலாவதில், குளக்கட்டின் வெளிச்சரிவில்,
மூன்று மீற்றர் எண்பதில்
சுத்தியல் விழமுதலே கம்பி தானாய் இறங்கியது.
எண்ணுவதற்கு அடி இல்லை.

வாகீசன் எஞ்சினை நிறுத்தினான்.
போன மார்கழி, வான் பாய்ந்த இரவில்
துருசுக்குத் தெற்கே வழுகியதும் இந்த இடந்தான்,
நாலு லொறி மண்.
கீழே முந்நூறு ஏக்கர் வயல்,
ஒரு பள்ளிக்கூடம்.

குழாயைத் திறந்தால்
ஒரு முழம் சீலை.
கத்தரிப்பூ நிறம், கரையில் சரிகை,
பைபோல மடித்துக் கையால் தைத்தது.

"மண்மூடை," என்றான்.
"கூறைச்சீலையும் வெட்டினவை."
எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.
அவன் ஊசி போன இடங்களை
நகத்தால் எண்ணிக்கொண்டிருந்தான்.

படிவத்தில் பதினொரு மண்வகைக்குக் குறியீடு உண்டு.
'வெற்றிடம்' என்று எழுதினேன்.
பிறகு வெட்டினேன்.

இரவு, மாங்குளம் விடுதியில் கணக்கு:
வழுக்கு வட்டம் நேராக அந்த அறைக்குள்ளால் போகிறது.
பாதுகாப்புக் காரணி ஒன்று தசம் பூச்சியம் நாலு.
ஒன்றரை வேண்டும்.
கிண்டி, களி நிரப்பி, உருளை ஓட்டினால் வரும்.
அதற்கு முன் கண்ணிவெடி அகற்றுபவர்கள் வரவேண்டும்.
அவர்களுக்கும் முன், ஒருவேளை, நீதவான்.

கடிதம் மூன்று பிரதி.
மாதிரிப் பெட்டியில்
களிக்கும் கிரவலுக்கும் நடுவே
சீலை இன்னும் ஈரம்.
மழை பெய்து ஆறு கிழமை.
அது குளத்துத் தண்ணீர்.