மூடி

பழைய குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொல்லி
ஞாயிறு பூசையில் அறிவித்தாயிற்று.
திரு இருதயப் படத்துக்குப் பின்னால் கைவிட்டேன்.
சிலுவையாய் மடித்த ஓலை, போன வருஷத்தது.
அதற்குப் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால்
கொடுக்க மறந்த ஐந்து தவக்காலங்கள்,
பல்லிமுட்டை, ஒரு கரண்டு ரசீது.

அங்கே தொடங்கியது.

படத்தை இறக்கினால் ஆணியடியில் ஒட்டடை.
ஒட்டடை தட்ட ஏறினால் பரண்.
பரணில்
பங்கிராஸ் என்றைக்கோ விற்ற எஞ்சினின் வாரண்டி அட்டை,
எந்தப் போனுக்கென்று தெரியாத சார்ஜர்கள்,
மிக்சி போனபின்னும் மிக்சியின் பெட்டி.
வேண்டும், வேண்டாம் என்று இரண்டு குவியல் போட்டேன்.
'இருக்கட்டும்' என்று மூன்றாவது
நான் போடாமலே வளர்ந்தது.

நாற்பது நாள் கறியை விடுவது எங்களுக்குப் பெரிய காரியமில்லை.
கடியபட்டணத்தில் சாளைக்கு விலக்கு உண்டு.
விட முடியாதது வேறே.

செவ்வாய் சாயங்காலம்
பழஞ்சேலை மூட்டைக்கு அடியில்
தலைகுப்புறக் கிடந்தது சாம்பார் வாளி.
அடியில் புள்ளிபுள்ளியாய்க் கொத்தின பேர்:
சூ. பிரகாசியா.

மயினி.

ஆன்றோவின் புதுநன்மை விருந்துக்கு வாங்கினது.
மறுநாளே தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன், கொடுக்கத்தான்.
அதற்குள் குழாயடியில் அவள் சொன்னது வந்து சேர்ந்தது:
'அவ வீட்டுக்குப் போனது எது திரும்பி வந்திருக்கு?'

பதினோரு வருஷம்.
அந்தச் சொல்லில் மட்டும் தூசி படிய விடவில்லை.
வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து
வெளிச்சத்தில் பார்த்து
அதே இடத்தில் வைத்தேன்.
வாளியைக் கொடுத்திருந்தால் அவள் சொன்னது பொய்யாகியிருக்கும்.
கொடுக்காமல் வைத்து
நானே அவளை
உண்மை பேசினவளாக்கியிருக்கிறேன்.

திருநீற்றுப் புதன், விடியாத பூசை.
மண்ணுதான் நீ என்று சாமியார் நெற்றியில் கோடிழுத்தார்.
இரண்டு நாளாய்ப் பெருக்கினவளுக்கு
அது புதுச்செய்தியில்லை.
எவர் வீட்டு ஓலையோ எரிந்து
எவர் நெற்றியிலோ.

வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது.
அரைக்கிலோ சீனி போட்டேன்.
போதாதென்று தோன்றி இன்னும் கொஞ்சம்.
நாலாவது வீடுதான். கோயிலைச் சுற்றிக்கொண்டு போனேன்.

கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
அதே சாம்பல் வியர்வையில் இறங்கி
மூக்குவரை வந்திருந்தது.
அழுவாள், இல்லையென்றால் ஏசுவாள்.
இரண்டுக்கும் பதில் கொண்டுபோயிருந்தேன்.

வாளியைப் பார்த்தாள்.
'மூடி எங்க?'

மூடி.

எதற்கும் சேராத மூடிகள் எட்டு
நேற்று மத்தியானம் 'வேண்டாம்' சாக்கில் ஏறி
எடைக்குப் போனது நினைவு வந்தது.
'ஆக்கர்கடைக்குப் போட்டுட்டேன், மயினி.'

கூப்பிடுவதென்று நினைத்திருக்கவில்லை.
அந்தச் சொல் அதுவாகக் கூட வந்துவிட்டது.

'எளா, கூறு உண்டா உனக்கு?'
கையைப் பாவாடையில் துடைத்தாள்.
மீன்சட்டியின்மேல் பலகை, பலகைமேல் ஒரு கல்,
பூனையைப் பார்த்து ஒரு முறைப்பு.
சீனியை எங்கே கொட்டினாள் என்று கவனிக்கவில்லை.
செருப்பு மாட்டிக்கொண்டாள்.

மணவாளக்குறிச்சியில் கடைக்காரன்
இரும்புக்கு ஒரு மலை, எவர்சில்வருக்கு ஒரு மலை வைத்திருந்தான்.
'எடுத்தா கிலோ ரேட்டுதான் அக்கா, சொல்லிட்டேன்.'
முந்தானையைச் செருகிக் குனிந்தோம்.

எத்தனை வீட்டு மூடிகள்.
அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை.
நான் பேர் வாசிக்க வாசிக்க
அவள் ஆளைச் சொன்னாள்:
இது வடக்குத்தெரு, இது கன்னியாஸ்திரி மடத்தில் சமைக்கிறவ,
இவ போய்ச் சேர்ந்து மூணு வருஷம்,
இவளுக்கு நான் இன்னும் இருநூறு ரூபாய் கொடுக்கணும்.

மூக்குநுனியிலிருந்து ஒரு துளி,
கறுப்பாய்,
யாருடைய பேரின் மேலோ விழுந்தது.
பெருவிரலால் துடைத்து என் பக்கம் நீட்டினாள்.

இது இல்லை, என்றேன்.

அடுத்ததை எடுத்தாள்.