படுக்க வை

எல்லோரும் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள்.
நான் கேட்டது வேறு.
"தரையில் படுக்க வை, தலான்த்."

அவன் வாய் பாதியில் நின்றது.
பிஷ்கெக்கின் கடைசிப் பனி
தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
"குதிரை வாங்குகிறவர்கள்
படுக்கவைத்தா பார்க்கிறார்கள்?"
"குதிரை விழுந்தால்
தானே எழுந்துகொள்ளும்" என்றேன்.

மூன்று வண்டிகள்.
மூன்றும் உலகம் சுற்ற வந்த யார் யாரோ
பாதி உலகத்தில் அலுத்து
விற்றுவிட்டுப் போனவை.

என் வேலை கோபுரம் ஏறுவது.
நாரினுக்கு மேலே பதினொரு கைப்பேசிக் கோபுரங்கள்.
மின்கலம் செத்தாலோ
கம்பியை எலி கடித்தாலோ
ஒரு பள்ளத்தாக்கே ஊமையாகிவிடும்.
கம்பெனி ஜீப் மே மாதச் சேற்றில்
ஒன்பதாம் வளைவு வரை போகும்,
பிறகு நான் அதைச் சுமக்க வேண்டும்.
ஊருக்கெல்லாம் சிக்னல் கொண்டுபோகிறவளுக்கு
ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
சிக்னல் கிடையாது.

அக்காள் கணவர் உலுக்பெக் சொன்னார்:
"வாங்குவதுதான் வாங்குகிறாய்,
ஆயிரத்து இருநூறு சிசியாக வாங்கு. மரியாதை."
மரியாதை, நிற்கிற வரைக்கும்.
ஆற்றுக் கல்லில் சரிந்தபின்
அது வெறும் இருநூற்றைம்பது கிலோ.

மெக்கானிக் ஸகின் சின்னதைக் காட்டினான்.
சின்னது நல்லதுதான்.
நாற்பது கிலோ மின்கலத்தோடு
டோலோன் கணவாய் ஏறினால்
ஆடுகள் முந்திக்கொண்டு போகும்,
திரும்பியும் பார்க்கும்.

ஆக, நடுத்தரம்.

முதலாவது ஆரஞ்சு.
அதன் சஸ்பென்ஷன் ஒரு பாறையையே
விழுங்கி ஏப்பம் விடும்.
ஆனால் ஏறி உட்கார்ந்தால்
ஒரு கால் விரல்நுனியில்,
மறுகால் ஆகாயத்தில்.
சரிவில் நிறுத்தினால் எந்தப் பக்கம் போவேன் என்பதை
வண்டிதான் முடிவு செய்யும்.

இரண்டாவதில் டிவி மாதிரி ஒரு திரை.
மழைக்கு ஒரு மனநிலை, மண்ணுக்கு ஒன்று.
ஏபிஎஸ்ஸை அணைத்தேன்.
சாவியைத் திருப்பி மறுபடி போட்டதும்
மாமியாரைப் போல் விழித்துக்கொண்டது.
சரளை இறக்கத்தில்
பிரேக்கைப் பிடி என்றால் யோசிக்கிற வண்டி வேண்டாம்.
போதாததற்கு வார்ப்புச் சக்கரம்.
விரிசல் விட்டால் முடிந்தது கதை.
கம்பிச் சக்கரம் வளையும்,
சுத்தியல் சொன்னால் கேட்கும்.

மூன்றாவது நீலம்.
எழுநூறு சிசி, இரட்டை சிலிண்டர்,
டேங்கில் முழங்கை அளவு ஒடுக்கு.
யாரும் புகழாமல் மூலையில் நின்றது.
தானத்துக்கு வந்த மாடா,
பல்லைப் பார்க்காமலிருக்க?
பார்த்தேன். பின்சக்கரப் பல்லெல்லாம்
தேய்ந்து கொக்கியாய்ச் சாய்ந்திருந்தன.
சங்கிலி தொங்கியது.
அடித்தகட்டில் கல் மோதிய தழும்புகள்,
ஆழமாய். ஆனால் எதுவும் ஓட்டையில்லை.
யாரோ இதை உண்மையாகவே ஓட்டியிருக்கிறார்கள்.

"படுக்க வை."

தலான்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நானே சாய்த்தேன்.
கைப்பிடி சிமெண்டில் உரசி ஒரு கோடு போட்டது.
கியரில் போட்டு, ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பி,
முதுகைக் காட்டி நின்று
இருக்கையில் இடுப்பை ஒட்டி
குதிகாலால் பின்னோக்கி நடந்தேன்.
ஒரு அடி. அரை அடி.
ஏதோ ஓரிடத்தில் கனம்
என்னிடமிருந்து கழன்று
சக்கரங்களுக்குள் இறங்கியது.

மூச்சு வாங்கக் கேட்டேன்: "எவ்வளவு?"
"ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் சோம்."
"கைப்பிடியில் கீறல் இருக்கிறதே."
"இப்போது நீ போட்டதுதானே, பெர்மெத்!"
"இருந்தாலும் கீறல் கீறல்தான்."
சங்கிலிக்குப் பத்தாயிரம் குறைத்தான்.
கீறலுக்கு ஒரு தேநீர்.

மே இருபத்திரண்டு.
ஏழாம் கோபுரத்துக்குக் கீழே ஓடையில்
முன்சக்கரம் ஒரு வழுக்குக் கல்லைத் தேர்ந்தெடுத்தது.
பூட்ஸுக்குள் பனித்தண்ணீர்.
நீலம் கரையோரம் படுத்திருந்தது,
பின்சக்கரம் மட்டும்
இன்னும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.
கைப்பேசியில் ஒரு கோடுமில்லை.

எதிர்க்கரையில் ஒருவன்,
குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன்,
கத்தினான்:
"கோபுரக்காரியா?
ரெண்டு நாளாய் ஒரு போனும் போகவில்லை!
எப்போது வரும்?"

நான் அவனுக்கும் வண்டிக்கும்
முதுகைக் காட்டி நின்று
குதிகாலை மணலில் ஊன்றினேன்.

"வருகிறது" என்றேன்.