பற்று வரவு

வருஷத்தில் ஒரு நாள்
மாநகராட்சி வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டும்:
வேண்டாததை மாலை ஆறு மணிக்குமேல் தெருவில் வையுங்கள்,
விடிந்ததும் லாரி வரும்.

புடாபெஸ்ட், எட்டாம் வட்டாரம்,
பிராட்டர் தெரு, மூன்றாம் மாடி, லிஃப்ட் ஓடாது.
முதலில் இஸ்திரி மேசையை இறக்கினேன்.
பிறகு பனிச்சறுக்குக் கட்டை, ஒற்றை.
(இன்னொன்று வில்மோஷிடம் இருக்கிறது.
விவாகரத்தில் எல்லாவற்றையும் சரிபாதி பிரித்தோம்.)
பிறகு செல்லோவின் பெட்டி.

செல்லோ இல்லை. பெட்டி மட்டும்தான்.
பதினெட்டு வருஷத்துக்கு முன் வாத்தியத்தை விற்று
மேல்வரிசைப் பல் கட்டிக்கொண்டேன்.
வாங்கியவனிடம் வேறு பெட்டி இருந்தது.
"இது உங்களிடமே இருக்கட்டும்" என்றான்,
பெரிய உபகாரம்போல.

அன்றிலிருந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
நின்றுகொண்டே இருக்கிறது,
உட்காரச் சொல்ல மறந்துபோன விருந்தாளி மாதிரி.
உள்ளே நீல வெல்வெட்,
கழுத்துக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம்,
வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலியம் ஒரு துண்டு,
எண்பத்தாறாம் வருஷத்து டிராம் டிக்கெட்.
ஈரம் ஏறாமலிருக்க அரிசி முடிச்சு ஒன்று போட்டு வைப்பேன்.
எதற்கு ஏறக்கூடாது என்று
என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

அப்படி ஒன்றும் வாசித்துக் கிழித்துவிடவில்லை.
காலணித் தொழிற்சாலையின் இசைக்குழுவில் மூன்றாம் வரிசை.
மேலிடத்து ஆட்கள் வரும் நாளில்
வில்லைத் தந்தியில் படாமல் இழுக்கச் சொல்வார் நடத்துனர்.
இழுப்பேன்.
பகலில் அதே தொழிற்சாலையில் கணக்கு எழுதினேன்,
பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.
இந்தப் பெட்டியை எந்தப் பக்கம் எழுதுவது?

ஏழு மணிக்கு விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்தேன்.
ஏழே காலுக்கு ஒருவன் திறந்தான்,
துழாவினான், மூடாமல் போனான்.
எழுபத்திரண்டு படி இறங்கி மூடிவிட்டு வந்தேன்.
எட்டரைக்குத் தூறல்.
நனைந்ததை யார் எடுப்பார்கள் என்று
எனக்கே ஒரு சமாதானம் சொல்லி
மேலே தூக்கி வந்தேன்.
தூறல் நின்றது. மறுபடி இறக்கினேன்.
இரண்டாம் மாடியில் யோலான் கதவைப் பாதி திறந்து கேட்டாள்:
"போகிறதா வருகிறதா, எடெல்கா?"
தெரிந்தால் சொல்லமாட்டேனா.

பத்து மணிக்கு ஒரு வேன், குடும்பமாக.
பெரியவர்கள் இஸ்திரி மேசையின் காலை ஆட்டிப் பார்க்கும்போது
ஆறு வயசுப் பெண் ஒருத்தி
பெட்டியைத் தரையில் கிடத்தித் திறந்து
உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.
ஒற்றைச் சறுக்குக் கட்டையை எடுத்தாள்.
துடுப்புப் போட ஆரம்பித்தாள்,
பிராட்டர் தெருவில், ஈரக் கல்லின்மேல்,
வாயால் தண்ணீர்ச் சத்தம் போட்டுக்கொண்டு.

அவள் அப்பா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.
எடுத்துக்கொள்ளட்டுமா என்று கையால் கேட்டார்.
தலையை ஆட்டினேன்,
ஆமென்றா இல்லையென்றா என்று எனக்கே தெரியாதபடி.
அவர் ஆமென்று எடுத்துக்கொண்டார்.

பெட்டி வேனுக்குள் பாதி போயிருக்கும்,
"நடுப் பூட்டு பிடிக்காது!
கட்டைவிரலால் அமுக்கணும்!" என்று கத்திவிட்டேன்.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.
அந்தப் பெண் மட்டும்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் நாக்கால் மேல்வரிசைப் பல்லை
ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன்.
எல்லாம் இருந்தது.

பிறகு சும்மா கீழே போனேன்.
போயிற்றா என்று பார்க்கத்தான், வேறொன்றுமில்லை.
பதினான்காம் எண் வீட்டுக் குவியலில்
ஒரு பாரோமீட்டர் கிடந்தது,
பித்தளை விளிம்பு, கண்ணாடியில் கீறல்,
'மாறும்' என்ற சொல்லின்மேல்
முள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.
தட்டினேன். அப்போதும் நகரவில்லை.

இரண்டாம் மாடியில் மறுபடி பாதிக் கதவு.
கையில் இருப்பதைப் பார்த்தாள் யோலான், என்னைப் பார்த்தாள்.

"வருகிறது" என்றேன்,
அவள் கேட்பதற்கு முன்பே.