பன்னிரண்டாம் தேதி

சாந்தியாகோவிலிருந்து ஆக்லாந்துக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது கிலோமீட்டர்,
உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்தால்.
நூல் தெற்கே வளைகிறது,
கப்பலும் போகாத கடல் பக்கம்.

இன்றிரவு அந்த நூலின்மேல்
எதிர்க்காற்று மணிக்கு இருநூறு.
வடக்கே நானூறு கிலோமீட்டர் சுற்றி
வேறு பாதை போடுகிறேன்.
சுற்றிப் போனால் சீக்கிரம் சேரலாம்.
விமானிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.
ரெவிக்கு
ஏழு வருடம் விளக்கிப் பார்த்தேன்.

பயண நேரம் பன்னிரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம்.
எரிபொருள் எழுபத்தாறு டன்.
பயணிகள் இருநூற்று அறுபத்தெட்டு,
அதில் துணையின்றிப் போகும் சிறுவர் ஒருவர்.
முப்பத்தொன்று ஏ. ஜன்னலோரம்.

கணக்கில் புலி என்பார்கள் என்னை இந்த அறையில்.
புலி என்றுதான் அவனுக்கும் பெயர் வைத்தேன்,
என் அம்மாவழி மாப்புச்சே மொழியில்:
நாவெல்.

குடும்ப நீதிமன்றம் சொன்னது:
ஒற்றைப்படை வருடம் பிறந்தநாள் தாயோடு,
இரட்டைப்படை வருடம் தகப்பனோடு.
நான்கு பக்கத் தீர்ப்பு, பக்கத்துக்கு ஒரு முத்திரை.
தேதிக்கோடு பற்றி ஒரு வரி இல்லை.

டிக்கெட் எடுத்தது ரெவி.
ஜூலை பதினொன்று, இரவு பதினொன்று ஐம்பது.
மலிவாகக் கிடைத்ததாம்.
"பன்னிரண்டுக்கு வந்துவிடுவான், கேக் சொல்லியாயிற்று."
பார்த்ததுமே தெரிந்தது எனக்கு.
சரி என்று மட்டும் பதில் போட்டேன்.

அவன் இறங்கும்போது அங்கே பதிமூன்று, விடிகாலை நாலரை.
பன்னிரண்டு பிறப்பது
சக்கரம் தரைவிட்ட பத்தாம் நிமிடம்.
பிறகு இரவோடு இரவாக மேற்கே ஓட்டம்.
சூரியன் பின்னால் துரத்தும், எட்டாது.
கடலில் ஒரு கோடு.
தாண்டினால் பதிமூன்று.
பல் தேய்க்க, புதுச்சட்டை போட, மெழுகுவத்தி ஊத
ஒரு காலைகூட இல்லாத நாள்.

எனக்கில்லாதது அவனுக்கும் வேண்டாம்
என்று நினைத்தேனா?
நினைத்தேன். பொய் சொல்வானேன்.
இரண்டு பேரை மட்டும் எண்ணிவிட்டேன்.
கணக்கில் புலி.

பன்னிரண்டு பிறந்து ஆறு நிமிடத்தில்
புயல் எச்சரிக்கை அனுப்பும் அதே கருவியில்
விமானிக்குத் தட்டினேன்:
முப்பத்தொன்று ஏ, இன்று பத்து வயது.
நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு வரி:
தெரியும். ஏறும்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

வேலை முடிந்தும் நாற்காலியை விடவில்லை.
ஜன்னலில் மலை, மலையில் பனி, பனியில் வெயில்.
பன்னிரண்டாம் தேதி முழுசாக
என்னிடம்தான் இருந்தது.
பையன்தான் இல்லை.

திரும்பி வரும்போது காற்று முதுகில்.
பத்தே முக்கால் மணி போதும்;
மாலை கிளம்பி
அதே நாள் மதியம் வந்து நிற்பான்.
இருபத்தெட்டாம் தேதி இரண்டு தடவை.
யாரும் பிறக்காத ஒரு செவ்வாய்,
அதை வைத்து என்ன செய்ய?

தரையிறங்கியது என்று திரை சொன்னபோது
எடுத்த நேரம் பன்னிரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
என் கணக்குக்கு மேல் பதினொன்று.
யார் பங்கிலும் எழுதாத பதினோரு நிமிடம்
அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்,
கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் இருந்தால்
இன்னும் பன்னிரண்டிலேயே.

தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
எதிர்க்காற்று
என்று எழுதினேன்.