பாத்தாச்சுங்க

அனுப்பர்பாளையம் பிரிவில், பட்டன் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய், வியாழன், ராத்திரி ஏழு மணி.
தலைமுடியில் பஞ்சுத்தூளோடு பதினொரு பேர்.
சொல்லிக்கொடுக்கும் லோகப்பிரியா
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
முதல் நாள் ‘நான்’ என்று எழுதச் சொன்னாள்.
அடுத்த வாரம், எந்த ‘நான்’ என்று கேட்டாள்.

‘வதாஷி’ யார் வேண்டுமானாலும் சொல்லலாம்,
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி.
‘போகு’ பையன்கள் சொல்வது.
கட்டிங் மாஸ்டர் தண்டபாணி எழுந்து,
‘போகுன்னா போறதுங்களா?’
‘இல்லீங்ண்ணா, இருக்கிறது.’

‘ஒரே’ முரட்டு ஆம்பிளைக்கு,
அதுவும் கூட்டாளிகளிடம் மட்டும்.
நோட்டில் அதற்குத்தான் இரண்டு கோடு போட்டேன்.
ஒரே.
பஸ்ஸில் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன்.
புஷ்பா தியேட்டர் நிறுத்தத்தில் கண்டக்டர்
‘எங்கம்மா?’ என்றார்.
‘ஒரே’ என்றேன்.
‘ஒரே டிக்கெட்தானே, எங்க எறங்கோணும்?’

அந்த ஊர் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது.
வந்தது யாரென்று வந்ததற்கே தெரியாது.
நம்முடையதில் நான் இறங்கிப் போனாலும்
கடைசியில் ஓர் ‘ஏன்’ தொங்கும்:
வந்தேன், தின்றேன், கையெழுத்துப் போட்டேன்.
கேள்விபோல ஒலிக்கும்.
யாரும் பதில் சொன்னதில்லை.

ஆறாம் வாரம் லோகப்பிரியா சாக்பீஸை வைத்துவிட்டு,
‘உண்மையில் எதையும் சொல்லாம இருக்கறதுதான் அழகுங்க’
என்றாள்.
இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டியிருக்கிறேன்.
சிரிப்பு வந்தது.
இது எங்கள் லைனில் எட்டு வருஷமாய்ப் பேசும் பாஷைதான்.
பாத்தாச்சுங்க.
மடிச்சாச்சுங்க.
ஊசி ஒடஞ்சுபோச்சுங்க.
ஊசி தானாக ஒடியும், எண்ணெய் தானாகச் சிந்தும்,
தைத்தவளும் பார்த்தவளும்
வாக்கியத்துக்கு வெளியே நின்று டீ குடிப்போம்.

ஐப்பசியில், ஒசாகா பக்கமிருந்து மொரிதானி வந்தாள்.
சாப்பாட்டு நேரம் போனில் வீட்டோடு பேசும்போது
‘உச்சி, உச்சி’ என்றாள்.
வெயிலைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
வெளியே மழை.
அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்லும் ‘நான்’ அது,
வீட்டுக்குள் என்றும் அர்த்தம் உண்டு என்று
பிற்பாடு தெரிந்தது.
எங்கூடு என்பதையே நான் என்கிறாள்.
ஒரு நொடி அவளைப் பக்கத்து வீட்டுக்காரிபோலத் தோன்றியது.

மறுநாள் ஊசி ரெஜிஸ்டரைப் புரட்டினாள்.
ஒடிந்த ஊசியை ஒட்டிவைக்கும் பக்கம்.
டேப்புக்கு அடியில் இரண்டு துண்டு.
சேர்த்துப் பார்த்தால் நுனி இல்லை.
குழந்தை பனியன், ஆயிரத்து இருநூறு பீஸ், பெட்டியில் ஏறிவிட்டது.
மேனேஜர் சொன்னார்: ‘பாத்தாச்சுங்க.’
அதை அப்படியே மொழிபெயர்த்தார்கள், ஆளே இல்லாமல்.
மொரிதானி கேட்டாள்: ‘தரே?’

யார்?
அறையில் எனக்கும் தண்டபாணி அண்ணனுக்கும்தான் புரிந்தது.
அவர் தரையைப் பார்த்தார்.
என் வாயில் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன.
வதாஷி வரவில்லை.
ஒரே பல்வரை வந்து திரும்பியது.
நான் என்பதற்கு அங்கே மார்பைத் தொடமாட்டார்கள்,
மூக்கைத் தொடுவார்கள் என்று சொல்லியிருந்தாள்.
விரலை எடுத்து
மாஸ்க் துணிமேல் வைத்தேன்.
மூச்சுச் சூடு பட்டது.
‘நானுங்க’ என்றேன்.
மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது.

பெட்டிகளைப் பிரித்தோம்.
ராத்திரி இரண்டு மணிக்கு,
எழுநூற்றுச் சொச்சத்தில் மெஷின் கத்தியது.
கழுத்துப் பட்டியில், எள்ளில் பாதி.

‘பார்த்தவர்’ என்ற கட்டத்தில்
எப்போதும் போடும் ‘க்யூசி 7’ஐ அடித்துவிட்டு
முழுப்பேரை எழுதினேன்.
மொரிதானி எழுத்து எழுத்தாய் உச்சரித்தாள்:
‘தூராஷிமானி-சான்.’
துளசிமணி என்று முப்பத்தாறு வருஷமாய்க் கூப்பிட்டதில்
இப்படி யாரும் கூப்பிட்டதில்லை.
வேறு யாரையோ சொல்கிறாள் என்று
ஒரு கணம் பேசாமல் நின்றேன்.
பிறகு
திரும்பினேன்.