ஒரே ஆள்தானா?

நவம்பர். மூன்றரைக்கே கடற்கழி கறுத்துவிட்டது.
ரெய்க்யாவிக்கிலிருந்து வந்த இரண்டு பையன்கள்
எங்கள் இருபத்திரண்டு வருடத்தை
விரல் நீளப் பெட்டியொன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள்,
மிச்சமிருந்த கேக்கையும் தின்றுவிட்டு.

இனி நான்கு பல்கலைக்கழகத்துக்கும் ஒரே பதிவேடு.
வடக்கே சேர்ந்தவளைத் தெற்குக்குத் தெரியும்,
மீன்வளம் படிப்பவனை இறையியலுக்குத் தெரியும்.
‘இறுதி’, ‘இறுதி புதிது’, ‘இதுதான் உண்மையான இறுதி’ என்று
ஸ்வான்லாய்க் பெயர்வைத்து வளர்த்த கோப்புகளுக்கு
வேலை போயிற்று.
நான் அழவில்லை. கைதட்டினேன்.
ஒரு சான்றிதழுக்காகப் பனியில் முந்நூறு கிலோமீட்டர்
ஓட்டி வந்தவனை எனக்கு ஞாபகம் இருக்கிறது;
அன்று நாங்கள் சீக்கிரம் மூடிவிட்டோம்.

செப்டம்பர் ஆட்டுப்பட்டிதான் இது என்கிறாள் ஸ்வான்லாய்க்.
கோடை முழுக்க மலையில் கலந்து மேய்ந்ததை
வட்டப் பட்டிக்குள் இறக்கி
காதில் வெட்டிய குறி பார்த்து
உன்னுது என்னுது என்று இழுப்போமே, அது.
இல்லை, தலைகீழ் என்கிறேன் நான்.
தனித்தனிப் பட்டியில் நின்றவற்றை
ஒன்றாக அவிழ்த்துவிடுகிறோம்.
காதுக் குறி மட்டும் அழியக் கூடாது.

அழிந்தது.
எங்கள் ‘தோர்ன்’ எழுத்தை
புது இயந்திரம் ஒரு வாரம் படிக்கவில்லை.
தோர்குன்னூர், தோர்லாகூர், தியோதோல்வூர் எல்லோரும்
தலையில் கேள்விக்குறி சூடி நின்றார்கள்.
சரிசெய்தோம். பெரும்பாலும்.

சரியாகாதவை என் மேசைக்கு வரும்.
திரையில் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர்.
நடுவில் கேள்வி:
இருவரும் ஒரே ஆள்தானா?

பகல் முழுக்க ஆம், ஆம், இல்லை, ஆம்.
நாற்பத்தோராவது, தோர்குன்னூர் கெட்டில்ஸ்தோட்டிர்.
இடப்பக்கம் தெற்கு, மருத்துவம்.
உடற்கூறியல்: தேறவில்லை. தேறவில்லை. தேறவில்லை.
நீக்கப்பட்டார்.
வலப்பக்கம் வடக்கு, செவிலியம், நான்காம் ஆண்டு.
உடற்கூறியல்: ஒன்பதரை.
அடையாள எண்ணில் ஓர் இலக்கம்தான் வேறு.
ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.

பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அந்த ஆகஸ்டை யோசித்துப் பார்க்கிறேன்.
வரிசை நீளம், காபி இயந்திரம் பழுது,
ஈரக் கம்பளிச் சட்டையோடு ஒருத்தி
கையால் எழுதிய படிவத்தை நீட்டுகிறாள்.
அவளுடைய ஒன்றுக்கு மூக்கு நீளம்.
முன்பு எங்காவது படித்தீர்களா என்று
கேட்டேனா?
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்ததா?

இப்போது இருக்கிறது. விதியும் இருக்கிறது, நான்கிடத்துக்கும் பொதுவாய்:
ஒரே பாடத்தில் மூன்று முறை விழுந்தவருக்கு
எங்கும் நான்காம் முறை இல்லை.
‘எங்கும்’, அன்று கூட்டத்தில்
எவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தது.
நானும் கை தூக்கினேன்.

போன பிப்ரவரியில் மருத்துவமனையில்
என் கணவர் கையில் நரம்பு தேடியது இவள்தான்.
முதல் குத்தலிலேயே கிடைத்தது.
இதை நிரப்பக் கட்டம் இல்லை.

‘இல்லை’யை அழுத்தலாம். யாருக்கும் தெரியாது,
அடுத்த சுற்றில் இயந்திரம் மறுபடி கேட்கும்வரை.
அதற்கு அலுப்புக் கிடையாது.

ஆறு மணிக்குத் துப்புரவு வண்டி
நடைபாதையில் உருண்டு போனது.
‘ஆம்’ அழுத்தினேன்.
குறிப்புப் பெட்டி திறந்தது,
இருநூற்றைம்பத்தைந்து எழுத்துக்குள்.

‘எண் பிழை என்னுடையது. ஆள் ஒன்றுதான்.
ஆனால் இடப்பக்கம் நிற்பவரை
வலப்பக்கம் நிற்பவர் நான்கு வருடமாக,
காலை ஏழு மணி வகுப்பு முதல்,
திருத்திக்கொண்டு வருகிறார்.
விதியைத் திருத்தும் கூட்டம் என்றைக்கு? நான் வரு’

அதோடு பெட்டி நிரம்பிவிட்டது.

சேமிக்கவா என்று கேட்டது.
காத்திரு என்றேன், வாய்விட்டு.
இதை அவள் திரையில் படிக்க வேண்டாம்.
தொலைபேசியை எடுத்து அவள் எண்ணைப் போடுகிறேன்,
ஒவ்வொரு இலக்கமாக,
இரண்டு முறை சரிபார்த்து.